அந்த ‘பூ’ யார் தலையில் விழுகிறது?

“காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கேன். பிடிக்கலைன்னா கத்துவேன். அது என் உரிமை.”

ட்ரம் கோர் ரசிகர்கள் கூடும் இடத்தில் பார்வையாளர் ஒழுங்கு பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லிவிடுவார். சுற்றியிருப்பவர்களும் தலையாட்டுவார்கள். ஜனநாயகம், கருத்துச் சுதந்திரம், நுகர்வோர் உரிமை எல்லாம் ஒரே டிக்கெட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதால் எதிர்த்துப் பேசக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. இந்த வாதம் தவறு, அதுவும் கணக்கிலேயே தவறு. யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்ற எளிய வரவு செலவைச் சரிபார்த்தாலே அது உடைந்துவிடும்.

ட்ரம் கோர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘கார்ப்ஸ்’ என்று வரும், சொல்லும்போது ‘கோர்’. அமெரிக்கப் பள்ளிகளின் மார்ச்சிங் பேண்ட் தெரியும் இல்லையா, அதிலிருந்து புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றி வீசும் கலர் கார்டு, இவ்வளவுதான் மிச்சம். நூற்றைம்பது பேர் அளவில் ஒரு குழு. ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானம். பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி. ஊதிக்கொண்டே ஓடுவார்கள், பின்பக்கமாக நடப்பார்கள், ஒருவரை ஒருவர் இடிக்காமல் கடந்து போவார்கள். ஒரு அடி என்பது பெரும்பாலும் இருபத்திரண்டரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்கும் கணக்கு உண்டு.

முதல் உலகப் போருக்குப் பிறகு முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்த கலை இது. எழுபதுகளின் தொடக்கத்தில் குழுக்களே சேர்ந்து ட்ரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் என்ற தனி அமைப்பை உருவாக்கிக்கொண்டன. முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது, அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தார்கள். 2009-லிருந்து ஆகஸ்ட் மாத இறுதிப் போட்டிக்கு இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்தான் வீடு. மற்ற நாட்களில் அது கோல்ட்ஸ் அணியின் கால்பந்து மைதானம்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த மைதானத்தில் நிற்கிற பிள்ளைகளின் வயது ஏறக்குறைய பதினாறிலிருந்து இருபத்திரண்டுக்குள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. குழுவில் சேர அவர்கள்தான் பல ஆயிரம் டாலர் கட்டுகிறார்கள். அதற்காக வருடம் முழுக்க பீட்ஸா கடையில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு, ஊர்க்காரர்களிடம் நன்கொடை கேட்டு அலைகிறவர்கள் உண்டு. கோடை முழுக்கப் பள்ளி ஜிம் தரையில் படுக்கை, ராத்திரிப் பேருந்துப் பயணம், காலையிலிருந்து இருட்டும் வரை வெயிலில் ஒத்திகை. நீங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கை அவர்கள் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். ‘காசு கொடுத்தவனுக்கே உரிமை’ என்பதுதான் விதி என்றால், அந்த அரங்கில் அதிக உரிமை யாருக்கு? நம்மைப் பார்த்து ‘பூ’ என்று கத்தும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில் வரவேண்டும்.

தமிழில் பூ என்றால் தூவுவது. ஆங்கிலத்து ‘பூ’ எறிவது. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

*

இந்தக் கூச்சல் எப்போது வருகிறது என்று கவனித்தால் அதன் லட்சணம் புரியும். பெரும்பாலும் நிகழ்ச்சி நடக்கும்போது வராது, மதிப்பெண் அறிவிக்கும்போதுதான் வரும். இறுதிப் போட்டி இரவில் பன்னிரண்டு குழுக்களும் மைதானத்துக்குள் வந்து வரிசையாக நிற்கும். அறிவிப்பாளர் பன்னிரண்டாவது இடத்திலிருந்து மேலே படிக்கத் தொடங்குவார். ஒவ்வொரு இடமாக நெருங்க நெருங்க இருக்கைகளில் ஒரு முறுக்கம் ஏறும். தனக்குப் பிடித்த குழுவின் பெயர் எதிர்பார்த்ததைவிட ஒரு இடம் முன்னாலேயே வாசிக்கப்பட்டுவிட்டால் போச்சு, மேல் அடுக்கிலிருந்து அந்தச் சத்தம் இறங்கி வரும்.

கத்தியவரைக் கேட்டால், “பிள்ளைகளைச் சொல்லலைங்க, நடுவர்களைத்தான் சொன்னேன்” என்பார். நடுவர் எங்கே இருக்கிறார்? தாளைக் கொடுத்துவிட்டு அவர் வேலையை முடித்துவிட்டார். மைதானத்தின் நடுவே, விளக்கு வெளிச்சத்தில், அசையாமல் நிற்பது யார்? உங்களுக்குப் பிடித்த குழுவைத் தாண்டி ஒரு இடம் மேலே போன அந்த இன்னொரு குழு. சத்தத்துக்கு முகவரி எழுத முடியாது. யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில்தான் அது விழும். இதில் நோக்கம் என்னவென்பது இரண்டாம் பட்சம். இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி, இனி வாழ்நாளில் மறுபடி இந்தச் சீருடையைப் போட முடியாதவள் (வயது வரம்பு அப்படி), தன் கடைசி இரவில் கேட்டது அந்தச் சத்தம். “உன்னைச் சொல்லலம்மா” என்று யார் போய் அவளிடம் விளக்கப் போகிறார்கள்?

கலிபோர்னியாவின் கன்கார்ட் ஊரைச் சேர்ந்த ப்ளூ டெவில்ஸ் 2023 வரை இருபத்தோரு பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஜெயித்தால் கைதட்டலோடு முனகலும் கலந்தே வரும். ‘எப்பப் பாத்தாலும் இவங்கதானா’ என்ற அலுப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் எண்பதுகளில் ஜெயித்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கலாம். இருபத்தோரு பட்டம் என்பது நிறுவனத்தின் கணக்கு. இன்று நிற்கிறவனுக்கு இது முதல் பட்டமாக இருக்கும், பல நேரம் ஒரே பட்டமாக இருக்கும். நிறுவனத்தின் மேல் உள்ள கடுப்பை ஆள்மேல் காட்டுவது நமக்கொன்றும் புதிய பழக்கம் இல்லை. பழைய பழக்கம் என்பதால் அது நியாயமாகிவிடாது.

*

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இருக்கை அதே இருக்கை. அதே பாப்கார்ன், அதே பிளாஸ்டிக் கோப்பை, அதே ராட்சதத் திரை. கால்பந்து பார்க்கும் உடம்பு அப்படியே வந்து உட்கார்ந்து, அதே ராகத்தில் கத்துகிறது. அங்கே இதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கால்பந்தில் எதிரணி என்ற ஒன்று இருக்கிறது. உங்கள் ஆளைத் தள்ளிவிடுவதும் பந்தைப் பறிப்பதும்தான் அவன் வேலை. அவன் கவனத்தைக் கலைக்க நீங்கள் கத்துவது ஆட்டத்தின் ஒரு பகுதி. அவனுக்கும் அது தெரியும், கோடிக்கணக்கில் சம்பளமும் வாங்குகிறான்.

ட்ரம் கோரில் எதிரணியே கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு குழுதான் மைதானத்தில் இருக்கும். ஒரு குழு இன்னொன்றைத் தொட முடியாது, தடுக்க முடியாது, அதன் ஸ்நேர் ட்ரம்மிலிருந்து ஒரு அடியைக்கூடத் திருட முடியாது. நன்றாக வாசிப்பதைத் தவிர வேறெந்த வழியிலும் அடுத்தவரைத் தோற்கடிக்க வழியில்லாத போட்டி இது. ஓட்டப் பந்தயத்தில்கூட பக்கத்துத் தடத்தில் ஒருவர் ஓடுவார், இங்கே அதுவும் இல்லை. அப்படியிருக்க ‘எதிரியின் ரசிகன்’ என்ற வேடம் இந்த அரங்கில் யாருக்கும் பொருந்தாது. அடுத்த குழு சறுக்கினால் மகிழ்கிறவர், தன் குழுவுக்கு எந்த உதவியும் செய்யாமல் ஒரு பிள்ளையின் தவறை மட்டும் கொண்டாடுகிறார்.

கலர் கார்டில் மரத் துப்பாக்கியை மேலே சுழற்றி எறிவார்கள். ஆறு சுற்று, ஏழு சுற்று. பிடித்தால் ஆரவாரம். சில நேரம் கை நழுவும். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு ‘ச்சோ’ எழும். அது இரக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ‘ச்சோ’வுக்கு அடியில் ஒரு சிரிப்பு கேட்கும் பாருங்கள், போட்டிக் குழுவின் டி-ஷர்ட் போட்ட பத்துப் பேர் வரிசையிலிருந்து, என் சண்டை அதனோடுதான். விழுந்த துப்பாக்கியை எடுத்து, அரை நொடியில் மீண்டும் தாளத்துக்குள் நுழைவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! கைதட்ட வேண்டிய இடமே அதுதான். நிறையப் பேர் தட்டவும் செய்கிறார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் பலர் அதே துப்பாக்கியைத் தாங்களே நழுவவிட்டவர்கள்.

*

மதிப்பெண்ணையே கொஞ்சம் பார்ப்போம், கத்துவது அதற்காகத்தானே. நூற்றுக்கு மதிப்பெண். நாற்பது பொது விளைவுக்கு, முப்பது காட்சிக்கு, முப்பது இசைக்கு. 1984-க்கு முன்னால் ‘டிக்’ முறை இருந்தது. நடுவர் கண்ணில் படும் ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு பங்கு கழிப்பார்கள். குற்றம் எண்ணுகிற முறை. அதை விட்டுவிட்டு, செய்ததற்கு மதிப்புக் கூட்டிக்கொண்டே போகும் முறைக்கு மாறினார்கள். எண்ணுவதிலிருந்து எடைபோடுவதற்கு வந்த மாற்றம் என்று சொல்லலாம்.

2008 இறுதிப் போட்டியில் ‘ஸ்பார்டகஸ்’ நிகழ்ச்சியோடு வந்த ஃபான்டம் ரெஜிமென்ட் 98.125, ப்ளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. நூறில் நாற்பதில் ஒரு பங்கு. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் சொல்கிறேன், மனிதத் தீர்ப்பை மூன்று தசம இடம் வரை எழுதலாம், ஆனால் அந்த மூன்றாவது இடத்தில் உண்மை எதுவும் குடியிருக்காது. இன்னொரு நாள், இன்னொரு நடுவர் குழு, ஒரு மேகம் குறுக்கே வந்திருந்தால் மாறியிருக்கும். 1996, 1999, 2000 மூன்று வருடங்களும் முதலிடம் சமனில் முடிந்திருக்கின்றன. அந்த அமைப்பே “எங்களால் இதற்கு மேல் பிரிக்க முடியவில்லை” என்று கைவிரித்த வருடங்கள் என்றே அவற்றைப் பார்க்கிறேன்.

இதனால் மதிப்பெண் வெறும் வேஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தில் அர்த்தம் உண்டு. 0.025-ல் இருப்பது ஒரு சடங்கு. யாராவது ஒருவர் கோப்பையைத் தூக்க வேண்டும், அதற்கு ஒரு வழி. அந்தச் சடங்கில் தோற்றதற்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர், நாணயம் சுண்டியதில் தலை விழுந்ததற்காக நாணயத்தைத் திட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையையும் சேர்த்து.

*

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுவல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். அது இப்படிப் போகும். ‘எல்லோரும் மரியாதையாகக் கைதட்டிக்கொண்டே இருந்தால், நிகழ்ச்சியை வடிவமைப்பவர்கள் நடுவர்களுக்காக மட்டுமே உருவாக்கத் தொடங்கிவிடுவார்கள். மெல்லிசை போய்விட்டது, மைதானத்தின் முன்கோட்டில் வந்து நின்று முழு மூச்சில் ஊதும் அந்தப் புல்லரிப்பு போய்விட்டது. 2004-ல் ஒலிபெருக்கி வந்தது, 2009-ல் சிந்தசைசர் வந்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. எங்களிடம் இருக்கும் ஒரே ஓட்டு இந்தச் சத்தம்தான்.’

மதிக்கத்தக்க கவலை. கலை பார்வையாளரை மறந்துவிட்டு மதிப்பெண் தாளைப் பார்த்து வளர்வது ஆபத்துதான். எந்தப் போட்டிக் கலைக்கும் இது உண்டு. ஆனால் இந்த ஓட்டு கடந்த காலத்தில் எப்படிப் போடப்பட்டது என்று பார்த்தால் கொஞ்சம் அடக்கம் வரும்.

1993. ஸ்டார் ஆஃப் இண்டியானா. மருத்துவக் கருவித் தொழிலதிபர் பில் குக்கின் பணத்தில் பிறந்த குழு. களமிறங்கிய முதல் வருடமே இறுதிப் பன்னிரண்டுக்குள் வந்தது, 1991-ல் பட்டமும் வாங்கியது. ‘காசால் வாங்கிய வெற்றி’ என்ற முணுமுணுப்பு தொடக்கத்திலிருந்தே இருந்தது. அந்த வருடம் அவர்கள் சாமுவேல் பார்பரையும் பேலா பார்டோக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்துவதற்கான இடங்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாக நீக்கிவிட்ட நிகழ்ச்சி. கோணல்மாணலான உடலசைவு, இறுக்கமான மௌனங்கள், முடியாமல் முடியும் ஒலிகள். இருக்கைகளிலிருந்து ‘பூ’ விழுந்தது. கடைசியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில், 97.3-க்கு 97.4 என்று, கேடட்ஸிடம் பட்டத்தை இழந்தார்கள். அந்தப் பருவத்தோடு போட்டியிலிருந்தே விலகிவிட்டார்கள். விலகியவர்களின் அடுத்தடுத்த முயற்சிகளிலிருந்து பிறந்ததுதான் ‘ப்ளாஸ்ட்!’ என்ற மேடை நிகழ்ச்சி. 1999-ல் லண்டனில் தொடங்கி, பிராட்வே போய், 2001-ல் டோனி விருது வாங்கியது. இன்று ட்ரம் கோர் பற்றித் தீவிரமாகப் பேசுகிற எவரும் அந்த 1993 நிகழ்ச்சியைத் தாண்டிப் போக முடியாது. அதன் உடல்மொழி பின்னால் வந்தவர்களிடம் ஊறிக் கிடக்கிறது.

‘அப்போ கூட்டம் எப்பவுமே தப்பு, மேதைகள் எப்பவுமே சரி’ என்று சொல்ல இந்தக் கதையை எடுக்கவில்லை. அது சோம்பேறித்தனமான நீதி. கத்தப்பட்டு, மறக்கப்பட்டு, மறக்கப்பட வேண்டியதாகவே இருந்த நிகழ்ச்சிகளும் இருக்கும். என் கேள்வி வேறு. 1993-ல் அந்த நிகழ்ச்சி நிஜமாகவே மோசமாக இருந்திருந்தால்கூட, அந்த ‘பூ’ சரியான ஆளிடம் போயிருக்குமா? இசையைத் தேர்ந்தெடுத்தது பத்தொன்பது வயது ட்ரம்பெட் பையன் இல்லை. நகர்வை வரைந்தது சிம்பல் தட்டும் பெண் இல்லை. நிகழ்ச்சியை வடிவமைப்பவர்கள் பெரியவர்கள், பெரும்பாலும் அதற்கு ஊதியம் வாங்குகிற தொழில்முறைக் கலைஞர்கள். ஒலிபெருக்கியை அனுமதித்ததும் நிர்வாகத்தில் இருந்த பெரியவர்கள். அவர்களிடம் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. விமர்சனம் எழுதுங்கள், காட்டமாகவே எழுதுங்கள். பெயர் சொல்லி எழுதுங்கள். அடுத்த வருடம் டிக்கெட் வாங்காதீர்கள். நன்கொடையை நிறுத்துங்கள். அதுதான் உண்மையான ஓட்டு. சமையல் பிடிக்கவில்லை என்பதற்காகப் பரிமாறுகிற பையன்மேல் தட்டை எறிவதற்குப் பெயர் விமர்சனம் இல்லை.

*

கத்துவதைப் பற்றி மட்டுமே எழுதினால் பாதிக் குற்றவாளிகள் தப்பித்துவிடுவார்கள். சத்தமே போடாத ஒரு அவமதிப்பு இருக்கிறது. அது இன்னும் பரவலானது, அதைச் செய்பவர்கள் நல்லவர்கள் என்று தங்களை நம்புகிறார்கள். காலி இருக்கைகளைச் சொல்கிறேன்.

போட்டி வாரத்தில் முன்னால் ஆடுவது தரவரிசையில் கீழே இருக்கும் குழுக்கள். பெரிய பெயர்கள் பிறகுதான் வரும். அதனால் கூட்டமும் பிறகுதான் வரும். சின்ன ஊர்களிலிருந்து, பழைய பேருந்தில், குறைந்த ஆட்களோடு வந்த குழு ஒன்று, வாழ்க்கையிலேயே மிகப் பெரிய மைதானத்தில் கால் வைக்கிறது. எதிரே பெரும்பாலும் வெற்று நாற்காலி. முதல் இருபத்தைந்து குழுக்கள்தான் அரையிறுதிக்குப் போகும், பன்னிரண்டுதான் சனிக்கிழமை இரவைப் பார்க்கும். ஆகவே இவர்களில் பலருக்கு இந்த வியாழக்கிழமைதான் கடைசி நாள், அடுத்த நாள் கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தை நாம் பார்க்கிங் இடம் தேடுவதில் செலவழிக்கிறோம்.

இன்னொரு ரகம், தன் பிள்ளை ஆடி முடித்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பம். இதில் நம் ஆட்களும் உண்டு. டெக்சஸிலும் இண்டியானாவிலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி மார்ச்சிங் பேண்டில் நிறையவே இருக்கிறார்கள். நவம்பரில் இதே லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா போட்டி நடக்கிறது. பையன் முடித்ததும், அடுத்த பள்ளி மைதானத்தில் நிற்க, வரிசை நடுவிலிருந்து எழுந்து, ‘எக்ஸ்க்யூஸ் மீ, எக்ஸ்க்யூஸ் மீ’ என்று பதினைந்து முழங்கால்களைத் தாண்டிப் போகிறோம். கேட்டால், “டிராஃபிக்ல மாட்டிக்குவோம்ங்க.” நமக்கு இது பழகிய கால்தான். கச்சேரியில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி எழுந்து போன அதே கால். இரண்டு மணி நேரம் அடுத்தவருக்காக வாசித்த மிருதங்கக்காரருக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் நாம் ரவா தோசை சாப்பிடப் போனோம். தாளத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை ஊர் மாறினாலும் மாறவில்லை.

*

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘ஆக, வாயை மூடிக்கிட்டு சர்ச்சில் உட்கார்ந்த மாதிரி உட்காரணும்ங்கிறீங்க’ என்று நினைத்தால், இல்லை. இந்தக் கலை சத்தத்தில் வாழ்வது. மைதானத்தின் பின்கோட்டிலிருந்து அறுபது எழுபது பேர் ஒரே மூச்சில் ஊதிக்கொண்டு முன்னால் வரும்போது அமைதியாக இருப்பவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். 2008-ல் ஃபான்டம் ரெஜிமென்ட் பிள்ளைகள் ‘நான்தான் ஸ்பார்டகஸ்’ என்று முழங்கியபோது இருக்கைகளும் சேர்ந்து முழங்கின. அதில் என்ன குறை? அந்த நிகழ்ச்சி கேட்டது அதைத்தான். ஆனால் ஒரே ஒரு குழல் மட்டும் தனியாக, மெதுவாக எழும் இடத்தில், மேல் அடுக்கிலிருந்து தன் குழுவின் பெயரை ஒருவர் கத்துகிறாரே, அதற்கும் இதற்கும் ஒலி அளவில் பெரிய வேறுபாடு இல்லை. முதலாமவர் கேட்டுவிட்டுக் கத்துகிறார், இரண்டாமவர் தன்னைக் கேட்கவைக்கக் கத்துகிறார்.

நல்ல பார்வையாளர் எப்படியிருப்பார் என்று தெரிய புத்தகம் எதுவும் தேவையில்லை. தங்கள் முறை முடிந்து, சீருடையை மாற்றிக்கொண்டு, இருக்கைகளில் வந்து உட்காரும் பிற குழுக்களின் பிள்ளைகளைப் பாருங்கள். தங்களை ஒரு இடம் கீழே தள்ளிய குழுவின் கடினமான தாளக்கட்டுக்கு முதலில் எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அது எவ்வளவு கஷ்டம் என்று அவர்கள் கைக்குத் தெரியும், அந்த அறிவிலிருந்து வருகிற கைதட்டல் அது. அங்கே ‘பூ’ கத்துகிறவர்கள் ஊதியவர்களோ தட்டியவர்களோ இல்லை, பெரும்பாலும் அவர்கள் சார்பாகக் கோபப்படுவதாக நினைத்துக்கொள்ளும் பெரியவர்கள்தான்.

விதி போட்டுத் தடுக்கச் சொல்லவில்லை. கத்துகிறவரை வெளியே தள்ளினால் அவர் தியாகியாகிவிடுவார். நான் கேட்பது எளிது. சீக்கிரம் வாருங்கள், முதல் குழுவுக்கு முன்னால். நிகழ்ச்சி நடக்கும்போது எழாதீர்கள். பிடிக்காத நிகழ்ச்சிக்குக் கைதட்ட வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், அதுவும் நேர்மையான பதில்தான். ஆனால் மதிப்பெண் வாசிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் கத்தினால், திரும்பி ஒரு பார்வை பாருங்கள். “சார், அங்க நிக்கறது பசங்க சார்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூட்டத்தின் பழக்கம் அறிவிப்புப் பலகையால் மாறாது, பக்கத்து இருக்கையால்தான் மாறும்.

டிக்கெட்டின் விலை உங்களுக்கு ஒரு நாற்காலியைக் கொடுக்கிறது. அங்கிருந்து எதை எறிவது என்று தீர்மானிக்கும்போது, கீழே நிற்பவர்கள் அந்த நாற்காலியைவிட மிக அதிக விலை கொடுத்து அங்கே நிற்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.